தாராவிக்கு வந்த மெட்ரோ: நிலையம் அருகில், நாளைய முகவரி எங்கே?

மும்பை: மும்பையின் முதல் முழுச் சுரங்க மெட்ரோ வழித்தடம் தாராவியின் வாசலுக்கு வந்துவிட்டது. ஆரே முதல் கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர் நீளமும் 27 நிலையங்களும் கொண்ட இந்த மூன்றாம் வழித்தடம், 2025 அக்டோபரில் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. நகரின் இரு முனைகளுக்கும் இனி நேரடி ரயில் உண்டு என்பது தாராவி மக்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. எனினும், அந்த ரயில் ஓடும் காலம் முழுவதும் தாங்கள் தாராவியிலேயே இருப்போமா என்ற கேள்வி அங்குள்ள பல்லாயிரம் குடும்பங்களிடம் உள்ளது. அவர்களில் திருநெல்வேலி உள்ளிட்ட தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழர்களும் கணிசமானோர்.

மெட்ரோவும் தாராவி மறுசீரமைப்புத் திட்டமும் தனித்தனித் திட்டங்கள். இவற்றைச் செயல்படுத்தும் அமைப்புகளும் வேறு. ஆனால் இரண்டின் விளைவும் ஒரே குடும்பத்தின் மீதுதான் விழுகிறது. ரயிலின் பயன் யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பயணச்சீட்டு விலையைக் காட்டிலும், மறுசீரமைப்புத் திட்டத்தின் தகுதிப் பட்டியலே தீர்மானிக்கும் நிலை உருவாகியுள்ளது.

மூன்று கட்டங்களில் திறப்பு

ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன், சுமார் ரூ.37,000 கோடி செலவில் இந்த வழித்தடம் அமைக்கப்பட்டது. ஆரே முதல் பாந்த்ரா-குர்லா வளாகம் வரையிலான முதல் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. தாராவி, சீத்லாதேவி கோயில், தாதர், சித்திவிநாயக், வொர்லி, ஆச்சார்ய அத்ரே சௌக் ஆகிய 6 நிலையங்கள் 2025 மே மாதம் சேர்ந்தன. எஞ்சிய 11 தென்மும்பை நிலையங்களைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 அக்டோபர் 8 அன்று தொடங்கிவைத்தார்.

ரயில் தாராவிக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்குச் சென்றது. அந்தத் தடமே இன்றைய மத்திய ரயில்வேயாகத் தாராவிக்குக் கிழக்கே ஓடுகிறது. மேற்கே மேற்கு ரயில்வே செல்கிறது. சயான், மாட்டுங்கா, மாஹிம் நிலையங்களுக்கு நடுவே ஏறத்தாழ 2.4 சதுர கிலோமீட்டரில் அமைந்த தாராவியின் எல்லைகளைத் தண்டவாளங்களும் மித்தி ஆறும் வரைந்துள்ளன. ஒரு காலத்தில் நகரின் விளிம்பிலிருந்த சதுப்பு நிலம், நகரம் வடக்கே வளர்ந்தபோது அதன் நடுப்பகுதியானது. அருகே பாந்த்ரா-குர்லா வளாகம் நிதி மையமாக எழுந்தபின், அந்த நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. இப்போது மெட்ரோ நிலையமும் சேர்ந்துள்ளது.

யாருக்கு உடனடிப் பயன்?

புதிய வழித்தடத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. விமான நிலையத்தின் இரு முனையங்களுக்கும், மரோல், சீப்ஸ் தொழில் பகுதிகளுக்கும் தாராவியிலிருந்து நேரடியாகச் செல்ல முடிகிறது. முன்பு இதற்குப் புறநகர் ரயிலில் அந்தேரி சென்று, அங்கிருந்து பேருந்தோ முதல் மெட்ரோ வழித்தடமோ பிடிக்க வேண்டியிருந்தது. தெற்கே வொர்லி, கிர்காவ், சர்ச்கேட் பகுதிகளுக்கும் வண்டி மாறாமல் போகலாம். அலுவலகங்களிலும் கடைகளிலும் பணிபுரியும் இளைஞர்கள், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்கு இது நேரச் சேமிப்பு. நெரிசலில் தொங்கிச் செல்லும் புறநகர் ரயிலோடு ஒப்பிடும்போது, மூடிய கதவுகளும் குளிர்சாதன வசதியும் கொண்ட பெட்டி, பெண்களுக்கும் முதியோருக்கும் பாதுகாப்பானது.

செலவு என்று வரும்போது கணக்கு மாறுகிறது. மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் ரூ.10, அதிகபட்சம் ரூ.70. புறநகர் ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ரூ.5-இல் தொடங்குகிறது, மாதச்சீட்டு எடுத்தால் ஒரு நாள் செலவு இன்னும் குறையும். மாதம் 26 நாள் வேலைக்குச் செல்பவர் மெட்ரோவில் மிகக் குறைந்த தொலைவுக்குச் சென்றுவந்தாலும் ரூ.520 ஆகிறது. தொலைவு கூடக் கூட இத்தொகையும் உயரும். நிலையான சம்பளம் பெறுவோர் இதைத் தாங்கலாம். நாட்கூலிக்குச் செல்வோர் நேரம் மிச்சமாகிறதா, பணம் மிச்சமாகிறதா என்று எண்ணிப் பார்த்தே ஏறுவார்கள்.

சுமைக்கும் அதிகாலைக்கும் இடமில்லை

தாராவியின் பொருளாதாரத்தை அறிந்தவர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். அங்கு ஆட்கள் மட்டுமல்ல, சரக்கும் நகர்கிறது. தோல் பைகள், ஆயத்த ஆடைகள், மண்பாண்டங்கள், தரம் பிரித்த நெகிழிக் கழிவு, இட்லி, முறுக்கு, அப்பளம் என ஒவ்வொரு நாளும் சரக்கு உள்ளே வருகிறது. பொருளாக மாறி வெளியே செல்கிறது. மும்பை புறநகர் ரயிலில் இத்தகைய வியாபாரிகளுக்கென்றே சுமைப் பெட்டி உண்டு. கூடைக்காரர்களும் டப்பாவாலாக்களும் பயணிப்பது அதில்தான். மெட்ரோவில் அப்படியொரு பெட்டி இல்லை.

நேரமும் பொருந்தவில்லை. மூன்றாம் வழித்தடத்தின் முதல் ரயில் காலை 5.55 மணிக்கும், கடைசி ரயில் இரவு 10.30 மணிக்கும் புறப்படுகின்றன. பூச்சந்தைக்குச் செல்வோர், தூய்மைப் பணியாளர்கள், விடியுமுன் அலுமினியப் பாத்திரத்தில் இட்லி ஏந்திப் புறப்படும் வியாபாரிகள் ஆகியோரின் நாள் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. புறநகர் ரயில்களோ விடியலுக்கு வெகுமுன்பே ஓடத் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் ஓடுகின்றன. ஆகவே மெட்ரோ தாராவியின் சம்பளக்காரர்களுக்கு உதவும் அளவுக்கு அதன் சிறுதொழில்களுக்கு உதவவில்லை.

ரயில்வே விரிவாக்கத்தின் சுமையும் அப்பகுதிக்கு உண்டு. குர்லாவுக்கும் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்துக்கும் இடையே ஐந்தாம், ஆறாம் தடங்கள் அமைப்பதற்காக, 1912-இல் கட்டப்பட்ட சயான் ரயில்வே மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 1 முதல் வாகனங்களுக்கு மூடப்பட்டது. தாராவியையும் சயானையும் இணைத்த முக்கியப் பாதை அது. பாலம் மூடப்பட்டதால் டெம்போக்களும் ஆட்டோக்களும் சுற்றிச் செல்ல நேர்ந்தது. தொலைதூர ரயில்களுக்குத் தனித்தடம் கிடைத்தால் புறநகர் ரயில்களின் தாமதம் குறையும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பயன் நகருக்கே பொதுவானது. கட்டுமானக் காலத்தின் இழப்பை ஏற்பது இரு பக்கத்துக் கடைக்காரர்களும் குடியிருப்போரும்தான்.

மூன்று தேதிகள்

தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் ரூ.5,069 கோடி முதலீட்டு உறுதியுடன் வெற்றி பெற்றது. நவபாரத் மெகா டெவலப்பர்ஸ் என்று இப்போது அழைக்கப்படும் திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 சதவீதமும், மாநில அரசுத் தரப்புக்கு 20 சதவீதமும் பங்கு உள்ளது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. திட்டத்தின் பெருந்திட்ட வரைவுக்கு முதல்வர் தேவேந்திர ஃபட்னவீஸ் தலைமையிலான கூட்டம் 2025 மே மாதத்தில் ஒப்புதல் அளித்தது.

குடியிருப்போரின் எதிர்காலம் மூன்று தேதிகளில் அடங்குகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பதை நிரூபிப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். மும்பையின் மற்ற குடிசை மாற்றுத் திட்டங்களில் வழங்கப்படும் 300 சதுர அடியைவிட இது கூடுதல் என்று அரசு சுட்டிக்காட்டுகிறது. அந்தத் தேதிக்குப் பின், 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு ரூ.2.5 லட்சம் விலையில் 300 சதுர அடி வீடு. ஆனால் தாராவிக்கு வெளியே. அதன்பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும் மேல்தளங்களில் வசிப்போருக்கும் வாடகை-கொள்முதல் முறையில் வீடு, அதுவும் வெளியேதான்.

வெளியே என்றால் எங்கே? குர்லாவில் மதர் டெய்ரி நிலம், முலுண்ட் முதல் காஞ்சூர்மார்க் வரையிலான உப்பள நிலங்கள், செம்பூரை ஒட்டிய தேவ்னார் குப்பைக்கிடங்கு நிலம் ஆகியவற்றை இதற்காக ஒதுக்க மாநில அரசு 2024-இல் முடிவெடுத்தது. இவற்றில் எதுவும் தாராவி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இல்லை.

தகுதி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் ஏதாவது ஒரு வீடு தரப்படுவது நாட்டின் வேறெந்தக் குடிசை மாற்றுத் திட்டத்திலும் இல்லாதது என்பது அரசின் வாதம். பொதுக் கழிவறைக்கு வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்குத் தனிக் கழிவறையும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீடு சிறிய மாற்றமன்று. கணக்கெடுப்பை விரைந்து முடிக்கக் கோரி மனு அளித்த குடியிருப்போர் அமைப்புகளும் தாராவியில் உள்ளன. மறுபுறம், அனைவருக்கும் தாராவிக்குள்ளேயே 500 சதுர அடி வீடு வேண்டும் என்று ‘தாராவி பச்சாவ் ஆந்தோலன்’ கோரி வருகிறது. தொழிற்கூடங்களுக்கு இப்போதுள்ள அளவுக்கு இடம் கிடைக்குமா என்ற கேள்வியையும் எதிர்ப்பாளர்கள் எழுப்புகின்றனர். தகுதியுள்ள வணிக, தொழில் அலகுகளுக்கு மாநில ஜி.எஸ்.டி. தொகையை ஐந்து ஆண்டுகளுக்குத் திருப்பித் தருவதாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனால் கணக்குப் புத்தகமே இல்லாமல், மாடியறையில் நான்கு தையல் இயந்திரங்களுடன் நடக்கும் தொழிலுக்கு இச்சலுகை எட்டுவது கடினம்.

வீடே பட்டறையாக உள்ளவர்கள்

இங்குதான் ரயிலும் மறுசீரமைப்பும் சந்திக்கின்றன. தாராவியில் ஏராளமானோர் வசிக்குமிடத்திலோ, அதிலிருந்து சில நிமிட நடையிலோ வேலை செய்கின்றனர். அவர்களின் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். அத்தகைய குடும்பம் முலுண்டுக்கோ தேவ்னாருக்கோ மாறினால், இருக்கும் வேலையைத் தக்கவைத்துக்கொள்ளவே அன்றாடம் ரயிலேற வேண்டும். இல்லாத செலவு புதிதாக முளைக்கும். நாளில் சில மணி நேரம் பயணத்தில் கரையும். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே அப்பளம் உருட்டும் பெண்ணுக்கு அந்த நேரம் வருமானமும்கூட. தாராவியில் வேலை பார்க்கும் பெண்களில் முதலில் வருமானத்தை இழப்பவர்கள் இவர்களாகவே இருக்கக்கூடும்.

நிலையத்தின் வருகையால் உயரும் நில மதிப்பும் இதே கோட்டில் பிரிகிறது. தகுதிப் பட்டியலில் முதல் வரிசையில் உள்ளவர், நகரின் நடுவில் மெட்ரோ வசதியுள்ள வீட்டுக்கு உரிமையாளராகிறார். அவர் வீட்டு மாடியில் 20 ஆண்டு வாடகைக்கு இருந்தவர், அதே நிலையத்தின் பயனை முற்றிலும் இழக்கிறார். இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக, உறவினர்களாகக்கூட இருக்கலாம். தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் சொந்தக்காரர் வீட்டு மாடியில் தங்கிப் பிழைப்பைத் தொடங்குவது தாராவியில் நெடுநாள் வழக்கம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஆவணச் சிக்கலும் உண்டு. தமிழரின் பெயரில் தந்தை பெயர் முன்னெழுத்தாக வரும். மகாராஷ்டிரப் படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கும். ஆகவே குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது ஆகியவற்றில் ஒருவர் பெயரே மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது அரிதல்ல. கால் நூற்றாண்டுக்கு முந்தைய சான்றைக் காட்ட வேண்டிய இடத்தில் இந்தச் சிறு வேறுபாடு பெரிய தடையாகலாம்.

சமூக அளவிலும் விளைவு இருக்கும். மும்பை மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகள் அருகருகே வாழும் குடும்பங்களை நம்பியே இயங்குகின்றன. குடும்பங்கள் நான்கு திசைகளில் பிரிந்தால், வகுப்பறைக்கு வேண்டிய எண்ணிக்கையில் பிள்ளைகள் ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள்.

மாட்டுங்காவும் செம்பூரும் காட்டும் பாடம்

தாராவிக்கு அடுத்துள்ள மாட்டுங்காவில் ரயிலின் விளைவு வேறு வகையானது. நடுத்தர வர்க்கத் தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கு பல தலைமுறைகளாகச் சொந்த வீடுகளிலும் நிலையான வாடகை வீடுகளிலும் வாழ்கின்றன. 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம், ஆஸ்திக சமாஜம், பூக்கடைகள், பழைய உணவகங்கள் யாவும் மத்திய ரயில்வே நிலையத்தைச் சுற்றி வளர்ந்தவை. அங்கு நில மதிப்பு உயர்ந்தால் பயன் பெரும்பாலும் அங்கேயே வசிப்பவருக்குச் சேரும்; அவர்களின் வசிப்புரிமை ஒரு தேதியைச் சார்ந்ததன்று. தாராவிக் குடியிருப்புக்கான கட்டுமானம் நடைபெறும் ரயில்வே நிலமும் மாட்டுங்காவை ஒட்டியே உள்ளது. தாராவி திட்டத்துக்காக ஏறத்தாழ 45 ஏக்கர் ரயில்வே நிலம் தரப்படுகிறது. தகுதி பெறுவோரில் ஒரு பகுதியினர் அங்கு குடியேறுவர் என்பதால், வேலையிடத்தை விட்டு விலகாத மறுகுடியமர்வுக்கு அதுவே நல்ல முன்மாதிரியாக அமையலாம்.

செம்பூரின் அனுபவம், ரயில் வந்தாலே பகுதி வளம் பெறும் என்ற நம்பிக்கைக்கு எச்சரிக்கை. நாட்டின் முதல் மோனோ ரயில் 2014 பிப்ரவரியில் செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 2019 மார்ச்சில் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டது. புறநகர் ரயிலுடன் வசதியான இணைப்பு இல்லாததாலும் வண்டிகள் குறைவாக இருந்ததாலும் மக்கள் அதை நாடவில்லை. 2025 ஆகஸ்ட் 19 அன்று பெருமழையால் துறைமுக வழித்தடப் புறநகர் ரயில்கள் நின்றபோது, கூட்டம் மோனோ ரயிலில் ஏறியது. 104 டன் தாங்கக்கூடிய வண்டி 109 டன் எடையுடன் மைசூர் காலனி அருகே நின்றுவிட, 582 பயணிகள் ஏணி மூலம் மீட்கப்பட்டனர். மேம்பாட்டுப் பணிக்காக அச்சேவை 2025 செப்டம்பர் 20 முதல் நிறுத்தப்பட்டது.

டி.என். நகரிலிருந்து மண்டாலே வரையிலான 23.6 கிலோமீட்டர் ‘2பி’ மெட்ரோ வழித்தடம் செம்பூர் வழியே திட்டமிடப்பட்டது. அது முழுமையடைந்தால் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் மூன்றாம் வழித்தடத்துடன் இணையும். தேவ்னாருக்கு அனுப்பப்படுவோருக்கு அந்த இணைப்பே பழைய வேலையிடத்துக்கான பாலம். குடியமர்த்தல் முன்பும் ரயில் பின்பும் வந்தால், இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பு அக்குடும்பங்களின் தலையில் விழும்.

முன்பு நடந்தது

இந்த அச்சத்துக்கு மும்பையிலேயே முன்னுதாரணம் உண்டு. புறநகர் ரயில் தடங்களையும் சாலைகளையும் விரிவாக்க, உலக வங்கி 2002-இல் மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்கு நிதி வழங்கியது. தண்டவாள ஓரத்திலும் சாலையோரத்திலும் வசித்த 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர், மான்குர்டில் உள்ள லல்லுபாய் காம்பவுண்ட், செம்பூரை ஒட்டிய வாஷி நாகா முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். தண்டவாளத்தின் ஓரத்தில் உயிரைக் கையில் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு உறுதியான கூரை கிடைத்தது. ஆனால் சாலைப் பணியால் இடம்பெயர்ந்த குடியிருப்போரும் சிறு வணிகர்களும் 2004-இல் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டனர். கடைக்காரர்களின் வருவாய் இழப்புக்கு உரிய கவனம் தரப்படவில்லை என்று குழு கண்டறிந்தது. 2006 மார்ச்சில் வங்கி, திட்டத்தின் ஒரு பகுதிக்கான நிதியைச் சில மாதங்கள் நிறுத்தியே வைத்தது. வீடு கொடுத்துவிட்டால் மறுவாழ்வு முடிந்துவிட்டது என்று கருதியதே அங்கு நேர்ந்த பிழை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இது அறிமுகமான கதைதான். சென்னையின் நீர்நிலைக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் முதல் குறை, வீட்டின் அளவைப் பற்றியதைவிட, பழைய வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் தொலைவைப் பற்றியதாகவே இருந்து வந்துள்ளது.

அடுத்து என்ன?

கட்டிமுடித்த ரயிலை மாற்ற முடியாது. தகுதிப் பட்டியலை இன்னும் செம்மைப்படுத்த முடியும். மேல்தளவாசிகளில் தாராவியிலேயே தொழில் செய்வோருக்கு அருகிலேயே வாடகை வீடு வழங்குவது, பெயர் வேறுபாடுகளைத் திருத்த அந்தந்தப் பகுதியிலேயே தமிழ் அறிந்த அலுவலர்களுடன் முகாம் நடத்துவது, வெளியிடங்களில் போக்குவரத்து இணைப்பு தயாரான பின்னரே குடும்பங்களை மாற்றுவது ஆகியவை அரசு பரிசீலிக்கத் தக்கவை. மெட்ரோ தரப்பிலும் குறைந்த வருவாயினருக்கு மாதச்சீட்டுச் சலுகை, அதிகாலைச் சேவை ஆகியவற்றுக்கு இடமுண்டு.

தாராவி நிலையத்தில் இன்று ஏறி இறங்குவோரின் எண்ணிக்கை, ரயில் இயக்கத்தின் வெற்றியை மட்டுமே காட்டும். பத்தாண்டுகள் கழித்து அங்கு ஏறுபவர்களில் எத்தனை பேர் இன்றைய தாராவிவாசிகள் என்பதே அந்த ரயில் அப்பகுதி மக்களுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லும்.